அம்மா சலித்துக் கொடுத்த மண்

மண்பட்டி போட எல்லா மண்ணும் ஆகாது. மேல்மண்ணை மூன்று நான்கு அடி தள்ளிவிட்டு, உரமும் பூச்சிமருந்தும் படாத ஆழத்தில் எடுக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் புற்று மண். கல், வேர் இல்லாமல் சலித்து, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வைத்து, முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு ஈரத்துணியில் பரப்பி, வெறும் வயிற்றின் மேல் இருபது நிமிடமோ அரைமணி நேரமோ வைப்போம். இதற்காக எங்கள் கல்லூரியில் ஒரு முழு வகுப்பு நடந்தது. திண்டிவனத்தில் ஒரு இயற்கை மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே வேண்டிய மண்ணைத் தந்தது என் அம்மா.

"வயித்து மேல மண்ண பூசிகினு படுக்கறதுக்கா அஞ்சரை வருஷம் படிச்ச?" என்று முதலில் சிரித்தார். சிரித்துவிட்டு, எந்தக் கழனி வரப்பில் பழைய புற்று இருக்கிறது, எதில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள், எதைத் தொட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று விரலை மடக்கிச் சொன்னார். மயிலம் போகிற சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. அங்கே எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம்கூடக் கிடையாது. ஆனால் அம்மா களை பிடுங்காத, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பறிக்காத கழனியும் கிடையாது. மல்லாட்டை சலிக்கிற சல்லடையில் போட்டு, பிறகு மாவு சல்லடையில் போட்டு, இரண்டு தடவை சலித்துத் தந்தார். யூரியா சாக்கில் கட்டியிருந்ததைப் பார்த்து நான் வேண்டாம் என்றதும், சண்டை போடாமல் அரிசிப் பைக்கு மாற்றினார். "மண்ணுக்குக்கூட மடி பாக்கறாரு எங்க டாக்டரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. என் படிப்பில் அவர் கையால் தொட முடிந்த ஒரே விஷயம் அந்த மண்தான்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள் நான். பிளஸ் டூ மார்க்குக்கு ஊசி போடுகிற டாக்டர் படிப்பு எட்டவில்லை. இயற்கை மருத்துவமும் யோகாவும் என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, அதையும் முடித்தால் டாக்டர் என்றுதான் போட்டுக்கொள்ளலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அந்த வாக்கியத்தில் எங்கள் தெரு கேட்டது ஒரே ஒரு வார்த்தையை. படிப்பு முடிந்து வந்த வாரம் தெரு முனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். என் முகம், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், மேலே மாதா, கீழே தெருப் பையன்கள் எல்லோருடைய முகமும். வெயிலில் வெளுத்து என் முகம் மட்டும் நீலமாகிவிட்டது, இன்னும் கழற்றவில்லை. தினமும் காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது அதன் அடியில்தான் போக வேண்டும்.

ஊருக்கு வந்த மறுநாளே பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒடம்பெல்லாம் நோவு. ஜல்தியா ஒரு ஊசி போட்டு வுடு, கழனிக்குப் போவணும்."

"நான் ஊசி போடறதில்ல பெரிம்மா."

"மாத்திரையாவது குடு."

"மாத்திரையும் இல்ல."

"அப்ப இன்னாதான்டா குடுப்ப?"

சொன்னேன். எங்களிடம் வந்தால் முதல் நாள் ஒரு மணி நேரம் பேச்சுதான் நடக்கும். எப்போது தூங்குகிறீர்கள், வயிறு எப்படிப் போகிறது, எத்தனை டீ குடிக்கிறீர்கள், எதை நினைத்தால் தூக்கம் கெடுகிறது என்றெல்லாம் கேட்போம். பிறகு சாப்பாட்டை மாற்றுவோம். மண்பட்டி, ஈரத்துணிப்பட்டி, இடுப்புக் குளியல், நீராவி, சில பேருக்கு எனிமா, மூச்சுப் பயிற்சி. உடம்புக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் சக்தி கொஞ்சம் இருக்கிறது, அதற்கு வழிவிடுவதுதான் எங்கள் வேலை. பெரியம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ரவிக்கைக் கையை இறக்கிவிட்டு, "டீய வுடச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா?" என்று எழுந்து போனார்.

இது சிரிக்கிற கதையாக மட்டும் இருந்திருக்கலாம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது.

ஆறு வருடமாக இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு அக்கா வீட்டுக்கே வந்து அரசாங்க மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாடிப்படி ஏறும் முன் வாசலில் இருந்த பெரிய போர்டைக் காட்டி, "இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்ட வராது. நான் சத்தமாகப் படித்தேன். "மருந்தில்லா மருத்துவம். மாத்திரைகளிலிருந்து நிரந்தர விடுதலை."

"அப்ப நானும் வுட்டுடலாமா?"

கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்தரை வருடம் படித்ததில் அது இருந்தது. எடை குறைந்து, நடந்து, சாப்பாடு மாறி, சர்க்கரை இறங்கினால், மாத்திரை எழுதிய டாக்டரே பார்த்துக் குறைப்பார். நாமாக ஒன்றையும் நிறுத்தக் கூடாது. இதை நான் தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் போர்டுக்குக் கீழே, புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்ற அம்மாவிடம், என் முதல் நாளில், அதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பாக்கலாம்மா" என்றேன்.

மாடியிலும் அதே வார்த்தைதான். மருத்துவமனையை நடத்துகிற பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. அவர் கையால் மலச்சிக்கலும் தூக்கமின்மையும் முதுகுவலியும் தீர்ந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் படியேறும்போதே மாத்திரைக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு, "இத எப்ப சார் நிறுத்தலாம்?" என்றுதான் கேட்பார்கள். ஒருவரிடம் நான், நிறுத்தவே முடியாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுநாள் வரவில்லை. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "மொத நாளே பயமுறுத்தாதீங்க தம்பி. நம்பிக்கையும் ஒரு மருந்துதான். கேட்டா பாக்கலாம்னு சொல்லுங்க" என்றார். நான் தலையாட்டினேன். வேறு எங்கே போவேன்? இந்தப் படிப்புக்குச் சுற்றுவட்டாரத்தில் இருந்தது அந்த ஒரு மாடிதான். இறங்கி ஊருக்குப் போனால் அந்த ஃபிளெக்ஸ்.

தவக்காலம் வந்தது. அம்மா வருடாவருடம் வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருப்பார். பகலில் ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. இந்த வருடம் அதில் அவருக்கு இரட்டைச் சந்தோஷம். "ஒன் வைத்தியத்துலயும் பட்டினிதான போடறீங்க? சாமிக்கும் ஆச்சு, சர்க்கரைக்கும் ஆச்சு" என்றார். மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று கீழே இறங்கி மயக்கம் வரும் என்று எச்சரித்தேன். "அதெல்லாம் ஒண்ணும் வராது" என்று அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். எப்படி இவ்வளவு நிச்சயம் என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கு வெள்ளி பார்த்தேன், மயக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்றாவது யோசித்திருக்கலாம்.

எங்கள் கோயில் பங்கில் தவக்காலத்தில் ஒரு நாள் குன்றின் மேல் சிலுவைப் பாதை நடக்கும். பதினான்கு ஸ்தலம், பாறை வழி, எல்லோரும் செருப்பில்லாமல் ஏற வேண்டும். அன்று பதினொரு மணிக்கே பாறை தோசைக்கல் மாதிரி காய்ந்திருந்தது. நான் ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழந்தாளிடும்போது புல் இருக்கிற இடமாகத் தேடினேன். பெரியம்மா, "யப்பா யேசுவே, பாதம் வெந்து போச்சே" என்று ஒரு காலில் மாற்றி மாற்றி நின்றார். அம்மா மட்டும் நேராக, ஆடாமல், பாறையின் நடுவில் நின்று ஜெபம் சொன்னார்.

இறங்கும்போது முகம் பூரித்திருந்தது. "எனக்கு மட்டும் சுடவேயில்ல தெரியுமா? பஞ்சுல நடந்த மாதிரி இருந்துது. மாதா என்னைத் தூக்கிகினு போனா."

பெரியம்மா அம்மாவின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். பல வருடம் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்வு போகும், பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது என்று நோயாளியே சொல்வார் என்பது நான் படித்த பாடம். அந்த வார்த்தையே என் காதில் விழுந்தது. மகனாகக் கேட்டேன், மருத்துவனாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பாதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுமார் பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குக் கிளம்பும்போது வீட்டுக்குள் ஒரு வாடை. எலி செத்திருக்கும் என்று அரிசி மூட்டையை நகர்த்திப் பார்த்தேன். அம்மா சுவரோரம் வலது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலைக் காட்டும்மா."

"ஒண்ணுமில்ல. கொப்புளம். வைத்தியம் பண்ணிகினுதான் கீறேன்."

புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிய கட்டு. அவிழ்த்தேன். உள்ளே மண். சலித்த, மாவு போன்ற, என் மருத்துவமனைக்கென்று எடுத்து வைத்த அதே புற்று மண். தினமும் காலையில் நனைத்து, பரப்பி, நான் நோயாளிகளுக்கு வைப்பதைப் பார்த்துப் பழகியதுபோலவே அளவாக வைத்திருந்தார். அதற்கடியில் சுண்டு விரல் கறுத்துப் போயிருந்தது. அழுத்திப் பார்த்தேன். அம்மா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தொட்டது தெரியவில்லை.

"திறந்த புண்ணுல மண்ணு வைக்கவே கூடாதும்மா!"

"நீதான வைக்கற எல்லாருக்கும்?"

"வயித்து மேல! தோலு மேல!"

"புண்ணும் தோலுதான?"

மாத்திரை எங்கே என்று கேட்டேன். அவர், நான் நகர்த்திய அரிசி மூட்டையைப் பார்த்தார். அதன் பின்னால் ஒரு பிஸ்கட் டின். ரப்பர் பேண்ட் போட்டு, மாதவாரியாகக் கட்டி அடுக்கியிருந்தார். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்து.

"அந்தப் பொண்ணு வெயில்ல அலைஞ்சிகினு வந்து குடுக்குது. வேணாம்னா மனசு கஷ்டப்படும்ல? அதான் வாங்கி வச்சேன்."

"ஏம்மா போடலை?"

"மாத்திரையே இல்லாத வைத்தியம் பாக்கற டாக்டரு நீ. ஒன் அம்மாவே மாத்திரை முழுங்கிகினு இருந்தா, ஒன்கிட்ட யாரு வருவா?"

திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தவுடன் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் அம்மா படுக்க மாட்டேன் என்று உட்கார்ந்தே வந்தார். "காலை எடுத்துடுவாங்களா?" என்று ஒரு தடவை கேட்டார். நான் வாயைத் திறந்தேன். வரவிருந்த வார்த்தை "பாக்கலாம்". வாயை மூடிக்கொண்டேன்.

வார்டில் என் வயதே இருக்கும் ஒரு பெண் டாக்டர் புண்ணைக் கழுவினார். கழுவக் கழுவ மண் வந்துகொண்டே இருந்தது.

"யாரும்மா இதுல மண்ண வச்சது?"

"நான்தாங்க. நல்ல மண்ணுங்க, ரெண்டு தபா சலிச்சது. என் புள்ள ஆஸ்பத்திரில எல்லாருக்கும் போடறது." அம்மா என் பக்கம் கையைக் காட்டினார். "அவரும் டாக்டருதாங்க."

பெண் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் பார்த்தார்கள். அந்த வார்டில் கதவு நாலைந்து இருந்தது. எனக்கு வெளியேற ஒன்றும் இல்லை.

"நீங்க சொல்லித்தான் மாத்திரைய நிறுத்தினாங்களா சார்?"

இல்லை என்று சொன்னால் அது உண்மை. ஆமாம் என்று சொன்னாலும் உண்மை. அம்மா முந்திக்கொண்டு, "அவரு ஒண்ணும் சொல்லலைங்க, நானாத்தான்" என்றார்.

"நிறுத்த வேண்டாம்னு நான் சொல்லலை" என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "விரல் போயிடும். காலைக் காப்பாத்தப் பாக்கறோம். ரெண்டு நாள் ஆன்டிபயாட்டிக்குக்கு எப்படிக் கேக்குதுன்னு தெரியணும்" என்றார். என்னிடம் பேசும்போது மருத்துவ வார்த்தைகளையே பயன்படுத்தினார். ஒரு டாக்டரிடம் பேசுவதுபோல. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த இரண்டு நாளும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு மேலே ஏறுகிறதா என்று பார்க்க, கணுக்காலுக்குக் கீழே பேனாவில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். வேறெதையும் பார்க்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மதியம் பெரியம்மா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அம்மாவைப் பார்த்து அழுதுவிட்டு, என்னைப் பார்த்து, "ஊட்லயே டாக்டர வச்சிகினு இன்னாடா இது பேஜாரு?" என்றார். அம்மா தலையணையிலிருந்தே, "அவன இன்னாத்துக்கு சொல்ற? நான் வச்சது எந்த வரப்பு மண்ணோ" என்றார். என்னைக் காப்பாற்ற, தான் சலித்த மண்ணையே குற்றம் சொன்னார்.

சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. சுண்டு விரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்தார்கள். கால் தப்பித்தது.

வீட்டுக்கு அனுப்பும் முன் நர்ஸ் அக்கா இன்சுலின் போடக் கற்றுத் தந்தார். வயிற்றில் தோலைப் பிடித்து, நேராக உள்ளே விட்டு, பத்து எண்ணி எடுக்க வேண்டும். "நீங்க டாக்டராமே, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்தார். நான் தோலைப் பிடித்தபடியே ஊசியை இறக்காமல் இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அம்மாதான், "மண்ணு பூசற அதே வயிறுதான். போடு" என்றார்.

வேலைக்குத் திரும்பிய அன்று பெரிய டாக்டரிடம், இனிமேல் நோயாளி அட்டையில் முதல் வரியாக, எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று எழுதப்போகிறேன் என்றேன். அம்மாவின் காலைப் பற்றியும் சொன்னேன். அவர், "எழுதுங்க" என்றார். பிறகு, "அப்ப போர்டு?" என்று அவரே கேட்டார்.

"இறக்கிடலாம் சார்."

"இறக்கினா யாரு படியேறுவா?"

போர்டு இருக்கிறது. அதன் அடியில் ஏறி வருகிறவர்களிடம் நான் மேலே உட்கார்ந்து வேறு சொல்கிறேன். பலன் மெதுவாகத்தான் தெரியும், வாரக்கணக்கில் ஆகும். முதல் சில நாள் தலைவலிக்கலாம், எரிச்சல் வரலாம். தூக்கமும் வயிறும் முதலில் சரியாகும், எடை அப்புறம். நெஞ்சுவலி, ஆறாத புண், திடீர் மயக்கம் என்றால் இங்கே வராதீர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, சர்க்கரைக்காரர்களின் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். சிலர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்கிறார்கள். சிலர் மறுநாள் வருவதில்லை. புற்று மண் இப்போது வேறு ஆள் கொண்டுவருகிறார். ஒரு தடவைதான் சலிக்கிறார்.

தினமும் காலை பஸ்ஸுக்கு முன் அம்மாவுக்கு ஊசி போடுகிறேன். முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டேன். எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் வெளிச்சம் இருக்காது, அளவுக்கோடு தெரியவில்லை. மறுநாள் திறந்து வைத்தேன். நான்காம் நாள் வாசலில் நிழல் விழுந்தது. பெரியம்மா. நான் ஊசியை எடுத்து மூடி போடும்வரை அசையாமல் நின்று பார்த்தார்.

"அப்ப ஒனக்குப் போடத் தெரியும்."

"இது அம்மாவுக்கு மட்டும் பெரிம்மா. ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்தது."

"தெரிஞ்சிகினேதான் இத்தினி நாளா எங்களுக்குப் போடாம இருந்தியா?"

அம்மாவைப் பார்த்தேன். அம்மா புடவையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட காலை மெதுவாக நீட்டி, என்ன சொல்வேன் என்று அவரும் காத்திருந்தார். பெரியம்மா உள்ளே வந்து, என் எதிரே உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே சுருட்டினார். நான், "எங்க வலிக்குது, எத்தினி நாளா, ராத்திரி தூக்கம் எப்படி?" என்று ஆரம்பித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கையை மட்டும் இறக்கவில்லை. ஏழே முக்கால் பஸ் முனையில் ஹாரன் அடித்தது.